மிதிக்கும் வேகம் யார் கையில்?

மும்பை: தாராவியை ஒட்டிய மாட்டுங்கா லேபர் கேம்ப் பகுதியில் பொழுது விடிவதற்கு வெகுநேரம் முன்பே அடுப்புகள் எரியத் தொடங்கிவிடுகின்றன. ஈடு ஈடாக இட்லி இறங்குகிறது. விடியலில் அலுமினியப் பாத்திரங்கள் சைக்கிள் கேரியரில் ஏறுகின்றன. ஹேண்டில்பாரின் ஒருபுறம் சட்னித் தூக்கு, மறுபுறம் சாம்பார் வாளி. ரப்பர் குமிழ் ஒலிப்பானை அழுத்தியபடி வரும் இந்த வியாபாரிகளை மும்பைவாசிகள் "அண்ணா" என்றே அழைக்கின்றனர். மராத்தி பேசுபவரும் குஜராத்தி பேசுபவரும் அறிந்த தமிழ்ச் சொற்களில் அது ஒன்று.

ஏறக்குறைய அதே நேரத்தில் செம்பூரில் இன்னொருவர் சைக்கிளை வெளியே எடுக்கிறார். கியர் வைத்த இலகுரக வண்டி, தலைக்கவசம், மணிக்கட்டில் இதயத் துடிப்பைக் காட்டும் கருவி. மாட்டுங்காவிலோ, பாந்த்ரா-குர்லா வளாகத்திலோ உள்ள அலுவலகத்துக்குச் சைக்கிளில் செல்லும் புதிய தலைமுறையைச் சேர்ந்தவர். கொரோனா காலத்துக்குப் பிறகு இவர்கள் கண்ணில் படுவது அதிகரித்துள்ளது.

இருவரும் சயான் சந்திப்பில் ஒரே சிவப்பு விளக்குக்குக் காத்து நிற்க நேரலாம். இரண்டாமவரைக் குடையும் கேள்வி, எவ்வளவு கடுமையாக மிதிப்பது என்பது. மூச்சு வாங்க மிதித்தால்தான் இதயத்துக்கு நன்மையா? மெதுவாகச் சென்றால் பயனில்லையா? தினமும் போக வர இப்படிச் சிரமப்படுவது உடலைக் கெடுக்காதா? மருத்துவ ஆய்வுகளில் இவற்றுக்கு ஓரளவு தெளிவான விடை உண்டு. ஆனால் அதே விடையை முதலாமவருக்குச் சொல்ல முயன்றால் அது பொருந்துவதில்லை. ஏன் பொருந்துவதில்லை என்பது மும்பையில் வாழும் தமிழர்களைப் பொருத்தவரை வெறும் உடற்பயிற்சி விஷயம் அல்ல.

வேகத்தின் விலை: முதலில் அலுவலகம் செல்பவரின் கணக்கைப் பார்ப்போம். செம்பூரிலிருந்து சயான் வழியாக மாட்டுங்காவுக்கு ஏறத்தாழ 7 கிலோமீட்டர். மேம்பாலங்களைத் தவிர்த்தால் பெரும்பாலும் சமதளம். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் சென்றால் 28 நிமிடம். 25 கி.மீ. வேகத்தில் சென்றால் 17 நிமிடம். மிச்சமாவது 11 நிமிடம்.

இந்த 11 நிமிடத்துக்கு உடல் கொடுக்கும் விலை என்ன? சைக்கிளும் ஆளும் சேர்ந்து 100 கிலோ எடை என்று கொண்டால், சாதாரண டயருடன் சமதளத்தில் 15 கி.மீ. வேகத்துக்குச் சுமார் 65 முதல் 70 வாட் ஆற்றல் தேவைப்படும். 20 கி.மீ. வேகத்துக்கு ஏறத்தாழ 115 வாட். 25 கி.மீ. வேகத்துக்குச் சுமார் 190 வாட். அதாவது, வேகம் ஒன்றே முக்கால் மடங்குகூட ஆகாத நிலையில் உழைப்பு ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. காற்றை எதிர்த்துச் செல்லத் தேவையான ஆற்றல், வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்வதே இதற்குக் காரணம். இடைவேளைகளுடன் நாள் முழுவதும் உழைக்கும் ஆரோக்கியமான மனிதர் தொடர்ந்து தரக்கூடிய ஆற்றல் சுமார் 75 வாட் என்பது நெடுங்காலமாக ஏற்கப்பட்ட மதிப்பு. பயிற்சியில்லாத ஒருவர் 190 வாட்டை நீண்ட நேரம் தாக்குப்பிடிக்க முடியாது.

அப்படி மிச்சம் பிடித்த 11 நிமிடமும் கைக்கு வருவதில்லை. பிரியதர்ஷினி சந்திப்பிலும் சயானிலும் கிங்ஸ் சர்க்கிளிலும் சிவப்பு விளக்கு அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. எகிறி மிதித்து முந்திச் சென்றவரும், நிதானமாக வந்தவரும் அடுத்த சிக்னலில் அருகருகே நிற்பது மும்பைச் சாலைகளில் தினசரிக் காட்சி. நிற்பதும் மீண்டும் வேகமெடுப்பதும்தான் முழங்காலை அதிகம் சோதிக்கின்றன.

உழைப்பைக் கூட்டாமல் வேகத்தைக் கூட்ட வழியும் உண்டு. டயரில் காற்று குறைந்திருந்தால் தரையின் இழுப்பு அதிகமாகும். செயினில் எண்ணெய் இல்லாவிட்டாலும் அப்படியே. நம்மவர்கள் செய்யும் பொதுவான தவறு, கால் தரையில் ஊன்றும்படி சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொள்வது. பெடல் கீழே இருக்கும்போது அதன்மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அதுவே சரியான உயரம். வாரம் ஒருமுறை காற்றடிப்பதில் கிடைக்கும் பயன், பல்லைக் கடித்துக்கொண்டு மிதிப்பதில் கிடைப்பதைவிட அதிகம்.

பேச முடிகிறதா?: எவ்வளவு சிரமம் தகும் என்பதை அளக்க மருத்துவர்கள் கூறும் எளிய சோதனை, பேச்சு. மிதித்துக்கொண்டே உடன் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் அது மிதமான உழைப்பு. இரண்டு மூன்று சொற்களுக்கு ஒருமுறை மூச்சு வாங்க வேண்டியிருந்தால் கடுமையான உழைப்பு. கருவி வைத்திருப்போருக்கு ஒரு கணக்கு உண்டு. 220-இலிருந்து வயதைக் கழித்தால் வருவது உச்ச இதயத் துடிப்பின் உத்தேச மதிப்பு. 40 வயதினருக்கு 180. இதில் ஏறத்தாழ 64 முதல் 76 சதவீதம் வரை, அதாவது நிமிடத்துக்கு 115 முதல் 137 வரையிலான துடிப்பு மிதமானது. அதற்கு மேல் கடுமையானது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மித உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடக் கடும் உழைப்பு போதும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரை. செம்பூர்-மாட்டுங்கா பயணத்தை வாரத்தில் 5 நாள் நிதானமாகச் செய்தாலே 280 நிமிடம் ஆகிவிடுகிறது.

அப்படியானால் வேகத்துக்கு மதிப்பே இல்லையா? உண்டு. கோபன்ஹேகன் நகரில் பல்லாண்டுகள் நடத்தப்பட்ட இதய ஆய்வின் ஒரு பகுதி 2012-இல் வெளியானது. மெதுவாக மிதிப்பதாகத் தாமே கூறிக்கொண்ட ஆண்களைவிட, வேகமாக மிதிப்பதாகக் கூறியவர்கள் சராசரியாக 5.3 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தனர். பெண்களிடம் இந்த வேறுபாடு 3.9 ஆண்டுகள். எவ்வளவு நேரம் மிதித்தார்கள் என்பதைவிட எவ்வளவு அழுத்தி மிதித்தார்கள் என்பதே ஆயுளுடன் அதிகத் தொடர்பு கொண்டிருந்தது. இயல்பிலேயே நல்ல உடல்நிலை உடையவரே வேகமாக மிதிக்கக்கூடும் என்பதையும் இங்கு மறக்கக் கூடாது. பிரிட்டனில் 2 லட்சத்து 63 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2017-இல் வெளியான ஆய்விலும், சைக்கிளில் வேலைக்குச் செல்வோருக்கு அகால மரண ஆபத்து 41 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது.

ஆனால் இந்தியர்களுக்கு ஓர் எச்சரிக்கை தேவை. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு ஏற்படும் சராசரி வயது 53. பிற நாட்டினருக்கு ஏறத்தாழ 59. பல நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வின் தரவுகளிலிருந்து 2007-இல் வெளியான முடிவு இது. உழைத்துப் பழகாதவர் திடீரெனக் கடுமையாக உழைத்தால் நேரும் ஆபத்து குறித்து, 1993-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. உடற்பயிற்சி வழக்கமே இல்லாதவருக்கு, கடும் உழைப்பைத் தொடர்ந்த ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் 107 மடங்கு உயர்ந்தது. வாரத்துக்கு 5 முறையாவது உழைத்துப் பழகியவருக்கு அந்த உயர்வு 2.4 மடங்கு மட்டுமே. ஆகவே, ஒரு மாதம் பேசிக்கொண்டே போகும் வேகத்தில் சென்று பழகிய பிறகு, வீடு திரும்பும்போது மட்டும் ஓரிரு நிமிடம் அழுத்தி மிதிப்பது என்ற வரிசையே உகந்தது. காலையில் அலுவலகத்துக்கு வியர்க்க விறுவிறுக்கப் போய்ச் சேர்வதும் தவிரும்.

அதே நகரம், வேறு முடிவு: இதுவரை கூறியவை எல்லாம், வேகத்தைத் தானே தேர்ந்துகொள்ள முடிந்தவருக்கான அறிவுரை. வேகமாக மிதித்தால் ஆயுள் கூடும் என்று கண்ட அதே கோபன்ஹேகனிலிருந்து 2021-இல் மற்றொரு ஆய்வு வெளியானது. 1 லட்சத்து 4 ஆயிரம் பேரின் தகவல்களை ஆராய்ந்த அதில், ஓய்வு நேரத்தில் உடலுழைப்பு அதிகமானால் இதய நோய் குறைவதும், பிழைப்புக்கான வேலையில் உடலுழைப்பு அதிகமானால் இதய நோய் கூடுவதும் தெரியவந்தன. வேலையில் மிகக் கடுமையாக உழைப்போருக்கு இதய, ரத்தநாள பாதிப்புகள் 35 சதவீதம் அதிகம். மரணமும் 27 சதவீதம் அதிகம். புகைப்பழக்கம், கல்வி, வருவாய் போன்ற வேறுபாடுகளைக் கணக்கில் கொண்ட பிறகும் இம்முடிவு மாறவில்லை.

தசைக்கும் இதயத்துக்கும் உழைப்பு உழைப்புதானே, கூலிக்குச் செய்தால் மட்டும் எப்படிக் கெடுதலாகும் என்று வியப்பு எழலாம். ஆய்வாளர்கள் கூறும் விளக்கம் சிக்கலானதல்ல. பயிற்சி என்பது சிறிது நேரம் கடுமையாக இருந்து, பிறகு ஓய்வு தருவது. கூலி உழைப்பு என்பது பல மணி நேரம் நீடிப்பது, சுமை தூக்குவது, களைத்தாலும் நிறுத்த முடியாதது, மறுநாளைக்குள் உடல் தேறுவதற்கு அவகாசம் தராதது. இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் நாள் முழுவதும் உயர்ந்தே இருக்கின்றன.

லேபர் கேம்ப்பிலிருந்து புறப்படும் இட்லி வியாபாரியின் சைக்கிள் 20 கிலோவுக்கு மேல் எடை கொண்ட, கியர் இல்லாத இரும்பு வண்டி. பாத்திரங்களும் இட்லியும் சட்னியும் சேர்ந்து 40 கிலோ என்று வைத்துக்கொண்டால், ஆளுடன் மொத்தம் 140 கிலோவை எட்டுகிறது. மும்பையின் மேம்பாலங்களில் 3 சதவீத ஏற்றம் என்பது சாதாரணம். அதில் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஏறவே 160 வாட் வேண்டும். ஆகையால் அவர் இறங்கித் தள்ளுகிறார். அதில் பேச்சு சோதனைக்கு இடமில்லை. சாம்பார் தளும்பாமல், அலுவலகம் செல்வோர் ரயிலைப் பிடிப்பதற்கு முன்பாக அவர் தெருமுனையில் நின்றாக வேண்டும். அவருடைய வேகத்தை இதயத் துடிப்பு தீர்மானிப்பதில்லை. சுமையும் காலை உணவு நேரமும் தீர்மானிக்கின்றன. அதிகாலை 2, 3 மணிக்கே எழுந்து மாவுடன் மல்லாடியவருக்கு இது நாளின் இரண்டாம் பாதி.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது, சைக்கிள் விடுதலையின் சின்னமாக நாடெங்கும் பேசப்பட்டது. அது உண்மை. ஆனால் அதே சைக்கிள், சுமை ஏறினால் வேறொன்றாகவும் மாறிவிடுகிறது.

மூச்சும் மாசும்: அழுத்தி மிதிக்கும்போது நுரையீரலுக்குள் செல்வது ஆக்சிஜன் மட்டுமல்ல. சும்மா அமர்ந்திருப்பவர் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றைச் சுவாசிக்கிறார். நிதானமாக மிதிப்பவர் 30 முதல் 40 லிட்டர். கடுமையாக மிதித்தால் 60 லிட்டரைத் தாண்டும். அப்போது மூக்கால் மட்டும் சுவாசிக்க முடியாமல் வாயும் திறந்துகொள்கிறது.

செம்பூரில் இது அலட்சியப்படுத்தக்கூடிய விஷயமல்ல. இரு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், உரத் தொழிற்சாலை, அனல் மின் நிலையம், தேவ்னார் குப்பை மேடு ஆகியவை சூழ்ந்த பகுதி அது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-இல் வெளியிட்ட பட்டியலில் கடுமையாக மாசடைந்த பகுதிகளின் வரிசையில் செம்பூரும் இடம்பெற்றது. 2016 ஜனவரியில் தேவ்னார் குப்பை மேடு பற்றி எரிந்தபோது புகை நகரின் பெரும்பகுதியைச் சூழ்ந்தது. அருகிலுள்ள மாஹுல் பகுதியின் காற்றைக் கெடுத்ததற்காக, தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஆகஸ்டில் 4 நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் ரூ. 286 கோடி இழப்பீடு விதித்தது. 2023 அக்டோபர் இறுதியில் மும்பை நகரின் காற்று மாசு குறித்து மும்பை உயர் நீதிமன்றமே தாமாக முன்வந்து விசாரணையைத் தொடங்கியது.

மாசான நகரில் சைக்கிள் ஓட்டுவது நன்மையா, தீமையா என்பதை 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் தலைமையிலான குழு கணக்கிட்டது. பி.எம். 2.5 என்னும் நுண்துகள் அளவு கன மீட்டருக்கு 22 மைக்ரோகிராமாக உள்ள நகரில், எவ்வளவு மிதித்தாலும் நன்மையே அதிகம். அது 100 மைக்ரோகிராமாக இருந்தால், நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் மிதிப்போருக்குத் தீமை நன்மையை விஞ்சுகிறது. மும்பையின் ஆண்டுச் சராசரி அந்த அளவை எட்டுவதில்லை. எனினும், கடற்காற்று வலுவிழக்கும் நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான காலத்தில், 24 மணி நேரத்துக்கான தேசிய வரம்பாகிய 60 மைக்ரோகிராமைத் தாண்டும் நாள்கள் உண்டு. அத்தகைய நாளில் போகவும் வரவும் ஒரு மணி நேரம் மட்டும் மிதிக்கும் அலுவலக ஊழியர், வேகத்தைக் குறைத்துக்கொண்டு உள்தெரு வழியாகச் சென்றால் சமாளிக்கலாம். காலையில் மூன்று நான்கு மணி நேரம் தெருவிலேயே இருப்பவருக்கு அந்த ஒன்றரை மணி நேர எல்லை முதல் வியாபாரத்திலேயே முடிந்துவிடுகிறது.

வெப்பத்தின் கதையும் இதுவே. பெடலுக்கு 100 வாட் ஆற்றல் தரும் உடல், 300 முதல் 400 வாட் வெப்பத்தை உள்ளே உற்பத்தி செய்கிறது. வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. வழிந்து சொட்டும் வியர்வையால் பயனில்லை. மும்பையின் ஈரக் காற்றில் பெரும்பகுதி சொட்டத்தான் செய்கிறது. 2023 ஏப்ரலில் நவி மும்பையின் கார்கரில் திறந்தவெளி அரசு விழாவில் வெயிலில் அமர்ந்திருந்தவர்களில் 14 பேர் உயிரிழந்தனர். அவர்கள் எதையும் மிதிக்கவில்லை, உட்கார்ந்திருந்தார்கள். ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்களில் வழக்கமான வேகத்தைப் பிடித்தே தீருவேன் என்று மணிக்கட்டுக் கருவியுடன் மல்லுக்கு நிற்பது விவேகமல்ல.

யாருக்கான பாதை?: வேகத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமையைச் சாலைதான் தர வேண்டும். பேருந்தும் லாரியும் முதுகை உரசும் இடத்தில் நிதானமாக மிதிப்பது ஆபத்து என்பதால், போக்குவரத்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்க மூச்சு முட்ட மிதிக்கிறார்கள். தனிப் பாதை இருந்தால் இந்த நிர்ப்பந்தம் இல்லை.

2006-இல் மத்திய அரசு வெளியிட்ட தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, வாகனங்களுக்கு அல்ல, மக்களுக்கே சாலையில் முன்னுரிமை என்று அறிவித்தது. தலைநகர் தில்லியில் 2008-இல் சைக்கிள் தடத்துடன் தொடங்கிய விரைவுப் பேருந்து வழித்தடம், கார் ஓட்டுநர்களின் எதிர்ப்புக்கு இலக்காகி 2016-இல் இடிக்கப்பட்டது. மும்பையில், தாராவிக்கு மிகவும் நெருக்கமான பாந்த்ரா-குர்லா வளாகத்தில் 2011-இல் சுமார் 13 கிலோமீட்டருக்குச் சைக்கிள் பாதை அமைக்கப்பட்டது. செலவு ஏறத்தாழ ரூ. 6.5 கோடி. விரைவிலேயே அது கார் நிறுத்துமிடமாயிற்று. பின்னர் அங்கு மிஞ்சியிருந்த சைக்கிள் தடங்களையும் அகற்றி, வாகனங்களுக்குச் சாலையை அகலப்படுத்த பெருநகர வளர்ச்சி ஆணையம் 2025-இல் முடிவு செய்தது. வளாகத்தில் வேலை செய்வோருக்குத் தேநீரும் சிற்றுண்டியும் கொண்டுசெல்லும் தாராவிக்காரர்கள்தான் அந்தத் தடத்தின் இயல்பான பயனாளிகள். அவர்களைக் கேட்டு அது அமைக்கப்படவுமில்லை, அகற்றப்படவுமில்லை.

இதைவிடக் கசப்பானது தான்சா குழாய்ப் பாதையின் கதை. நகருக்குக் குடிநீர் கொண்டுவரும் அந்தப் பெருங்குழாயின் இருபுறமும் 10 மீட்டர் அகலத்துக்கு ஆக்கிரமிப்புகளை அகற்ற உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. வித்யாவிகார் உள்ளிட்ட இடங்களிலிருந்து அகற்றப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள், எண்ணெய் ஆலைகளை ஒட்டிய மாஹுல் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டன. காலியான நிலத்தில் முலுண்டிலிருந்து சயான் வரை 39 கிலோமீட்டருக்குச் சைக்கிள் பாதை அமைக்கப்படும் என்று மாநகராட்சி 2017-இல் அறிவித்தது. சுமார் ரூ. 300 கோடித் திட்டம். ஆரோக்கியமாக மிதிப்பதற்கு ஒரு பாதை. அந்தப் பாதைக்கு இடம் விட்டவர்களுக்கு மாஹுல் காற்று. மாஹுலில் வாழ விரும்பாதவர்களுக்கு மாற்று வீடோ, மாதம் ரூ. 15,000 வாடகையோ தர வேண்டும் என்று உயர் நீதிமன்றமே 2019-இல் உத்தரவிட நேர்ந்தது. அங்கு அனுப்பப்பட்டவர்களில் பலர் சிதைந்துபோன வேலையைத் தேடித் தினமும் பழைய இடத்துக்கே பயணம் செய்ய வேண்டியதாயிற்று.

தூரமே கூலி: மும்பை ஏழைகளின் பிழைப்பு, வீட்டுக்கும் வேலைக்கும் இடையிலான குறைந்த தூரத்தில்தான் நிற்கிறது. உலக வங்கிக்காக 2003-04 குளிர்காலத்தில் 5,000 மும்பைக் குடும்பங்களிடம் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில், வேலைக்குச் செல்வோரில் 44 சதவீதம் பேர் நடந்தே சென்றது தெரியவந்தது. ஏழைகளிடம் இந்தப் பங்கு 60 சதவீதத்தைத் தாண்டியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் விவசாயம் சாராத தொழிலாளர்களில் சுமார் 13 சதவீதம் பேர் சைக்கிளில் வேலைக்குச் சென்றனர். நடைக்கும் ரயிலுக்கும் இடைப்பட்ட தூரத்தைக் கட்டணமின்றிக் கடக்க அவர்களிடம் இருந்த கருவி அது.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்து தாராவியில் குடியேறிய தமிழர்களின் வழித்தோன்றல்கள், இந்தத் தூரக் கணக்கின் மேல்தான் இட்லித் தொழிலையும் கட்டினார்கள். சுமார் 600 ஏக்கர் பரப்புள்ள தாராவியின் ஒருபுறம் மாட்டுங்கா, மறுபுறம் சயான், அப்பால் பாந்த்ரா-குர்லா வளாகம். எந்தத் திசையிலும் மிதிக்கக்கூடிய தொலைவில் வாடிக்கையாளர்கள். 1912-ஆம் ஆண்டுக் காலத்து சயான் ரயில்வே மேம்பாலம் புதிதாகக் கட்டுவதற்காக 2024 ஆகஸ்ட் 1-ஆம் தேதி மூடப்பட்டபோது, அந்தப் பக்கத்துச் சைக்கிள்காரர்களுக்கு ஒரு பாலத்தின் இழப்பு எத்தனை கூடுதல் மிதி என்பது உடனே தெரிந்தது.

இப்போது தாராவி மறுசீரமைப்புத் திட்டம் அந்தத் தூரத்தையே மாற்றவிருக்கிறது. அதானி குழுமமும் மாநில அரசும் கூட்டாக நடத்தும் இத்திட்டத்தில், 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருந்ததை நிரூபிப்போருக்கே தாராவிக்குள் இலவச வீடு. பிறகு வந்தோருக்கும் மேல்தளங்களில் வசிப்போருக்கும் தாராவிக்கு வெளியே வாடகை அல்லது தவணை வீடுகள். அதற்காக முலுண்ட், பாண்டுப், காஞ்சூர்மார்க் பகுதிகளின் உப்பள நிலமும், தேவ்னார் குப்பை மேட்டில் 124 ஏக்கரும் ஒதுக்க மாநில அமைச்சரவை 2024-இல் ஒப்புதல் அளித்தது. குப்பை மேட்டில் குடியமர்த்தும் யோசனைக்கு எழுந்த எதிர்ப்பில், வீட்டின் சதுர அடியும் நிலத்தின் நச்சும் பேசப்பட்ட அளவுக்கு, அங்கிருந்து வேலைக்கு எப்படிப் போவது என்பது பேசப்படவில்லை.

மத்திய அரசின் பக்கம் சிறு ஆறுதல்கள் உண்டு. சைக்கிள் மீதான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வேலைக்குச் செல்லும் வழியில் நேரும் விபத்தும், பணியுடன் அதற்குள்ள தொடர்பு நிறுவப்பட்டால், பணியின்போது நேர்ந்த விபத்தாகவே கருதப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 29-ஆம் தேதி தீர்ப்பளித்தது. மகாராஷ்டிரத்தில் சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவர் 2003-இல் பணிக்குச் செல்லும் வழியில் இறந்த வழக்கு அது. இழப்பீடு கோருவதற்கு முதலாளி என்று ஒருவர் இருந்தால்தான் இத்தீர்ப்பு பயன்படும். இட்லி வியாபாரிக்கு முதலாளி இல்லை. தெருவோர வியாபாரிகளுக்கான 2014-ஆம் ஆண்டுச் சட்டம் நடமாடும் வியாபாரிகளையும் உள்ளடக்குகிறது. ஆனால் அது விற்கும் இடத்தைப் பற்றிப் பேசுகிறது, அங்கு போய்ச் சேரும் வழியைப் பற்றியல்ல.

லேபர் கேம்ப்பிலிருந்து மாட்டுங்காவுக்கு இரண்டு, மூன்று கிலோமீட்டர். சுமையுடன் நிதானமாக மிதித்தால் கால் மணி நேரம். இட்லி சூடு ஆறுவதற்குள் முதல் தெருவை அடைந்துவிடலாம். தேவ்னாரிலிருந்து அதே மாட்டுங்காவுக்குச் சுமார் 10 கிலோமீட்டர். மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஒரு மணி நேரம். திரும்ப இன்னொரு மணி நேரம். முலுண்டிலிருந்து என்றால் 15 கிலோமீட்டருக்கும் மேல். அந்தத் தூரத்தைச் சைக்கிளில் நினைத்துப் பார்க்க முடியாது. தேவ்னாரிலிருந்து வந்து, ஏழு மணிக்கு வழக்கமான தெருமுனையில் நிற்க வேண்டுமானால், இப்போது மூன்று மணிக்குப் பற்றவைக்கும் அடுப்பை இரண்டேகால் மணிக்குப் பற்றவைத்தாக வேண்டும்.